வாடையே இல்ல

சென்ற ஆண்டு ஆடி மூன்றாம் தேதி, சனிக்கிழமை. தென்காசியில் விடியும்போதே சாரல். வழக்கம்போல முந்தின நாள் டைரியை எழுதி முடித்தேன், பால் காய்ச்சினேன், கணவருக்குச் சர்க்கரை அளவு பார்த்தேன். ஏழரைக்கு அவர் இன்சுலின் போட்டுக்கொண்டார். அடுத்து இட்லி. அன்று அது மட்டும் நடக்கவில்லை.

என் கணவர் ஒரு காலத்தில் டிவி நகைச்சுவைத் தொடர்களில் நடித்தவர். குடிகாரன் வேஷம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. வேஷத்தோடு நிற்காமல் நிஜத்திலும் குடித்தார். முதல் மனைவி ஒன்பது வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மகனை அழைத்துக்கொண்டு விவாகரத்து வாங்கிப் போனார். இவர் குடியை அடியோடு விட்ட பிறகு வந்தவள் நான்.

அந்த மகன்தான் அன்று போன் செய்தார். அம்மாவோடு குற்றாலம் சீசனுக்கு வந்திருக்கிறாராம், ஐந்தருவிக்கு வரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அவராக அழைத்தது அதுதான் முதல் முறை. இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அவ முன்னாடி என்னத்தப் பேசுவேன்?" என்று சட்டையை மாற்றிக்கொண்டே இருந்தார். இட்லியைத் தூக்குவாளியில் போட்டுக் காரில் வைத்தேன். அந்த அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்ததில் இட்லி மறந்தே போனது.

கடைத்தெருவில் நால்வரும் சந்தித்தோம். வணக்கத்துக்கு மேல் பேச்சு ஓடவில்லை. அருவியை நோக்கி நடக்கும்போது இவருக்கு நாக்குக் குழறியது, கால் பின்னியது. முகத்தில் வழிந்தது வியர்வை என்பது சாரலில் தெரியவில்லை.

"ஏலே, அண்ணாச்சி டிவில வந்த அதே மாதிரி நடிக்காருலே!" என்றான் ஒருவன்.

கூட்டம் கூடிச் சிரித்தது. செல்போன்கள் உயர்ந்தன. காவலுக்கு நின்றவர், "தண்ணி போட்டுட்டு அருவிக்கு வரக்கூடாது, தெரியும்லா?" என்றார். மகன் முகம் இறுகிப்போய்த் திரும்பிக்கொண்டார். எனக்கும் சந்தேகம் வந்தது. தைரியத்துக்காக எனக்குத் தெரியாமல் குடித்துவிட்டாரோ? குடித்து அவரை நான் பார்த்ததே இல்லையே!

அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இவர் தாடையைப் பிடித்து, வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"வாடையே இல்ல. இது குடி இல்ல." சட்டென்று என்னிடம் திரும்பினார். "ஏட்டி, இவருக்கு என்ன சீக்கு?"

"சுகர். ஊசி போட்டாங்க, இன்னும் சாப்பிடல அக்கா."

வழியெல்லாம் தேடிய சொல் தானாக வந்துவிட்டது.

"எவம்லே சிரிக்கான்? அந்தக் கடை நன்னாரி சர்பத்த இங்கன கொண்டா!" என்று அக்கா அதட்டினார்.

மகன் ஓடிப்போய் வாங்கி வந்தார். அவசரத்தில் நான் புகட்டியதில் பாதி சிந்தியது. அக்கா தலையைத் தாங்கிக்கொள்ள, இவர் மடக்கு மடக்காக விழுங்கினார். இரண்டாவது டம்ளரில்தான் கண் தெளிந்தது. எதிரே அக்காவைப் பார்த்ததும், "நான் குடிக்கல, சத்தியமா குடிக்கல" என்றார்.

"தெரியும். இப்பம் சர்பத்தக் குடிங்க."

தென்காசியில் டாக்டரிடம் காட்டினோம். சாப்பிடாமல் சர்க்கரை இறங்கியதுதான், இனி பயமில்லை என்றார்.

மறுநாள் காலை டைரியைத் தொடும் முன்பே, தூங்கிக்கொண்டிருந்தவரின் வாயருகே குனிந்து முகர்ந்து பார்த்தேன். வெறும் மூச்சு. எனக்கு எப்போதும் சும்மா கிடைத்துவரும் இந்த நிம்மதி, அந்த ஒன்பது வருடத்தில் ஒரு காலையிலாவது அக்காவுக்குக் கிடைத்திருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.