மூன்று தட்டலுக்கு ஒரு சத்தம்

என் தங்கை மகனுக்கு வீட்டில் கோட்டான் என்று பெயர். வைத்தவள் அவன் பெண்டாட்டி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம் அவன். அவன் அப்பா, சித்தப்பா, அவர்களைப் பெற்றவர், எல்லோருமே அப்படித்தான். "இவருக்குப் பதிலா ஒரு சுவரைக் கட்டியிருந்தா ஆணியாவது அடிச்சிருக்கலாம்" என்பாள் அவள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். செலவை அவன் ஆபீஸின் காப்பீடு பார்த்துக்கொண்டது. அவன் வேலை இருக்கிறவரைதான் அவள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனி அது. அனுப்புகிற புரோகிராமை எழுதியவன் இவன்தான். பல வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு கம்பெனியில் வேகமான புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி. புரோகிராம் நடுவில் அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். ஆஸ்பத்திரிகளிலிருந்து திட்டிப் போன் வந்தபடி இருந்தது.

மேனேஜர் இவனைவிட வயதில் சின்னவர். தன்மையாகத்தான் சொன்னார். "சார், இந்த வாரத்துக்குள்ள சரியாகணும். இல்லேன்னா மேலிடம் வெளியில வேற புரோகிராம் வாங்கிடும். அப்புறம் உங்களை வச்சுக்கச் சொல்லி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

ஒயரைப் பார்த்தான், புது மெஷினைக் குறை சொன்னான், தூக்கத்தைத் தொலைத்தான். கடைசியில் டயாலிசிஸ் வார்டில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. நானும் துணைக்கு இருந்தேன்.

"என் தப்புதான்" என்றான்.

"பேசிட்டார்" என்றாள் அவள். "பெரியம்மா, கேட்டுக்கோங்க."

அவன் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவு. புரோகிராமில் ஒரு தாய் உண்டு. அது பிள்ளைகளைப் பெற்று ஆளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பும். வேலை முடிந்த பிள்ளை போய்ச் சேர்ந்துவிடும். போகும்போது தாய்க்கு ஒரு சிக்னல் வரும், கதவைத் தட்டுகிற மாதிரி. ஆனால் தாய் கணக்கு எழுதும்போது யாராவது தட்டினால் எழுத்து குழம்பிவிடும். அதற்காக எழுதி முடிக்கும்வரை சிக்னலைத் தடுத்து வைப்பான். முடிந்ததும் தடையை எடுப்பான். எடுத்ததும், காத்திருந்த தட்டல் உள்ளே வரும்.

"சரியாத்தானேடா இருக்கு?" என்றேன்.

"தடுத்திருக்கும்போது மூணு பிள்ளை முடிச்சிட்டா, மூணு தட்டல் நிக்காது பெரியம்மா. ஒண்ணுதான் நிக்கும். திறந்தா ஒரே சத்தம். நான் தட்டலை எண்ணி எழுதிட்டேன். ஒருத்தன்தான் முடிச்சான், இன்னும் ரெண்டு பேர் வரணும்னு அது உக்காந்திருக்கு."

"முன்ன மட்டும் எப்படி ஓடிச்சு?"

"பழைய மெஷின் மெதுவு. ஒவ்வொருத்தனா வருவான். இது வேகம். எல்லாரும் ஒண்ணா வந்துடறாங்க."

"போய்ச் சேர்ந்த பிள்ளைங்களுக்காகவா காத்துக்கிட்டிருக்கு?" என்றாள் அவள். பிறகு, "எண்ணாம போய்ப் பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

அதையேதான் செய்தான். ஒரு தட்டல் கேட்டால், யார் யார் முடித்திருக்கிறார்கள் என்று இனி ஆள் இல்லை என்கிறவரை தாய் தேடிப் பார்க்க வேண்டும். நாலைந்து வரி. அன்று முழுக்க ஓட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனான்.

மேனேஜர் பார்த்தார். "நல்லா ஓடுது சார்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்தே வெளியில வாங்கறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. எங்கிட்டயும் கேக்கல."

அந்த மாதத்தோடு வேலை போயிற்று. காப்பீடும் அதோடு. வேறு ஆபீஸ்களில் ஏறி இறங்கினான். அந்த வயசில் யார் எடுப்பார்கள்? வார்டில் மூன்று நாள் இரண்டாயிற்று. அடுத்த மாதம் ஒன்றாகும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்கிறாள். கால் வீங்கி, செருப்பு நுழைவதில்லை. முகமும் உப்பிவிட்டது.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூலையில் அவன் பழைய லேப்டாப்பில் அந்தப் புரோகிராமை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்கும் எதையும் அனுப்பாமல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சா?" என்று அவள் படுத்தபடியே கேட்டாள்.

"வந்தாச்சு."

"யாரும் விட்டுப்போகலையே?"

"இல்ல."

"அப்ப அணைச்சிட்டு வந்து, என் காலைக் கொஞ்சம் தலகாணி மேல தூக்கி வைங்க."

அணைத்துவிட்டு எழுந்து போனான்.