கற்பூரம் அணைத்த டீம்

எனக்கு வாய் நீளம். இதை நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் யாரும் சிரமப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம். பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில் வரப்புத் தகராறு என்றால் என் அப்பா, எங்கள் வீட்டுத் தெலுங்கில் நைனா, என்னை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பேசப் போவார். நான் போனால் சமாதானம் ஆக வேண்டியதுகூட போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய்விடும் என்பார். அப்படிப்பட்ட எனக்கே பதில் சொல்லத் தெரியாமல் வாயடைத்துப் போன நாள் ஒன்று வந்தது. அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டால் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பட்டிதொட்டியெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாவாவும் ஒன்று வைத்திருந்தார். பாவா என்றால் என் அக்கா புருஷன். நான் டிகிரி முடித்த கையோடு நைனா மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிட்டார். பாவாதான் குறுக்கே விழுந்தார்.

"கடையப் பார்த்துக்க ஆள் இல்லீங்க மாமா. கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்."

"ஆங், இருக்கட்டும். கடையில வேலை இருக்கற வரைக்கும் இருக்கட்டும். வேலை இல்லன்னா அடுத்த பஸ்ஸ ஏத்தி அனுப்பிடு" என்றார் நைனா. ஏதோ கடன் வாங்கிய ஏர் மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். கல்யாணத்துக்கு எதிரி இல்லை நான். ஆனால் யாரோ ஒரு ஆள் வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்ப்பதற்கு இப்போதைக்கு எனக்குத் தெம்பில்லை.

காலையில் கடையில் சாதுவான வேலை. பரீட்சை ரிசல்ட் பார்ப்பவர்கள், ரயில் டிக்கெட் போடுபவர்கள், மலையில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் காயாமல், எடுத்த போட்டோவைப் பிரிண்ட் போடச் சொல்லி வருபவர்கள். மத்தியானத்துக்கு மேல் காலேஜ் பசங்கள் வந்து கேபின்களைப் பிடித்துக்கொள்வார்கள். துப்பாக்கி எடுத்துக்கொண்டு டீம் டீமாகச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. சென்னையில் ஒருத்தர் அதற்கு சர்வர் வைத்திருந்தார். எந்த ஊரில் இருந்தாலும் அதற்குள் நுழைந்து யாரையும் சுடலாம். ஒரு நாள் எங்கள் டீமில் ஆள் குறைந்தது. "சும்மா உட்காருக்கா, செத்தாலும் பரவாயில்ல" என்றார்கள். உட்கார்ந்தேன். சாகவில்லை. எதிராளிகள் எல்லோரும் செத்தார்கள். அடுத்த மாதம் நான்தான் கேப்டன். ஐடி மட்டும் ஆம்பளைப் பெயரில் வைத்துக்கொண்டேன்; நைனாவுக்குத் தெரிந்தால் என்கிற பயம்தான், வேறு ஒன்றுமில்லை.

சுடுவது பாதி விளையாட்டு. மீதி, திரையின் ஓரத்தில் ஓடும் எழுத்து. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து ஒருவரையொருவர் கிழிப்பார்கள். அடேயப்பா, அது என்ன பேச்சு! நாங்கள் திருத்தணி என்று தெரிந்ததும் எங்களுக்கு "மொட்டை டீம்" என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போகும். போனால் டீம் மொத்தமும் ஒரே நொடியில் மாயமாகிவிடும். ஜெயிக்கிற நேரத்தில் போனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. தோற்கிற நேரத்தில் போனால் "மொட்டைங்க ஃபியூஸ் புடுங்கிட்டு ஓடிட்டானுங்க" என்று மறுநாள் வரை ஓட்டுவார்கள். இதில் முன்னணியில் நின்றவர் அந்த சர்வர்காரரே. அவருக்கும் ஒரு டீம் உண்டு. அவரே ஆடுவார், அவரே எங்களை ஓட்டுவார், புகார் வந்தால் அவரே தீர்ப்பும் சொல்வார். என்ன அழகு பாருங்கள்.

நாங்கள் மட்டும் சும்மாவா இருந்தோம்? எங்கள் டீமில் மடப்பள்ளி வீட்டுப் பிள்ளை ஒருத்தர். மலைக்கோயிலில் சாமிக்குச் சமைக்கிற பரம்பரை. எச்சில் தெறிக்கக்கூடாது என்று காலையெல்லாம் வாயில் துணி கட்டிக்கொண்டு சர்க்கரைப் பொங்கல் கிண்டுவார். சாயங்காலம் கேபினுக்குள் வந்து உட்கார்ந்தால் காலையிலிருந்து கட்டிவைத்ததெல்லாம் விரல் வழியாகக் கொட்டும். கஸ்மாலம், சோமாரி, பேமானி எல்லாம் அவருக்கு நலம் விசாரிப்பு மாதிரி. நான் கேப்டன் அல்லவா, அவருக்கு எடுத்துக் கொடுப்பேன்.

ஒரு நாள் நல்ல ஆட்டத்தில் கரண்ட் போய் வந்தது. திரும்ப உள்ளே நுழைந்தால், முருகனையே இழுத்து ஒரு வரி போட்டிருந்தார்கள். விடுவோமா? எல்லாக் கேபினிலிருந்தும் ஒரே நேரத்தில் பொழிந்தோம். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. இந்த முறை கரண்ட் போகவில்லை. தடை. அதுவும் ஆளுக்கு ஆள் இல்லை. எங்கள் கடையின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் இன்டர்நெட் இணைப்பு ஒன்றுதான். அதனால் வெளியே இருப்பவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகவரி. மொத்தக் கடைக்கும் ஒரு வாரம் கதவடைப்பு, மறுபடி வாயைத் திறந்தால் நிரந்தரம் என்று சர்வர்காரர் எழுதியிருந்தார்.

பாவாவுக்குக் கத்தத் தெரியாது. அவர் அதட்டி நான் கேட்டதே கிடையாது. காலியாகக் கிடந்த கேபின்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னார்.

"பசங்க வந்தாத்தான் கடை. இந்தத் தடை இப்படியே போய்கினு இருந்துதுன்னா கேபினெல்லாம் பேத்துட்டு ஜெராக்ஸ் மிஷின் போட்டுடறேன். ஜெராக்ஸ் கடைக்கு நான் ஒருத்தன் போதும்மா."

  எனக்குப் பள்ளிப்பட்டு பஸ்ஸின் ஹாரன் காதில் கேட்டது. 

அப்புறம் பாவா செய்ததுதான், எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத காரியம். வேறு ஊராக இருந்தால் கடைச் சுவரில் "கெட்ட வார்த்தை பேசாதீர்" என்று ஒட்டியிருப்பார்கள். பாவா எங்கள் டீமை மொத்தமாக மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொடிமரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் கொடுத்த வாக்கை மாற்றுவார்கள், கட்சியை மாற்றுவார்கள், கற்பூரம் அணைத்ததை மாற்ற மாட்டார்கள்.

"கேமுல கெட்ட வார்த்தை பேச மாட்டோம், எழுத மாட்டோம்னு சொல்லுங்க" என்றார் பாவா.

"மனசுல நினைச்சுக்கலாங்களா?" என்று கேட்டார் மடப்பள்ளிக்காரர்.

"மனசு உனக்கும் சாமிக்கும் நடுவுல. அது கீதுன்னு எல்லாம் கேட்காத. இன்னொண்ணு, எல்லாரையும் ங்க போட்டு மரியாதையாத்தான் பேசணும். அதையும் சேர்த்துக்கோங்க."

அந்த 'இன்னொண்ணு' வேண்டாமே பாவா என்று சொல்லியிருக்கலாம். சாமி முன்னால் பேரம் பேச யாருக்குத் தைரியம்? வரிசையாக அணைத்தோம். எனக்கு உள்ளங்கை சுட்டது.

வாரம் முடிந்தது, தடை நீங்கியது, ஆடப் போனோம். முதல் சுற்றிலேயே சர்வர்காரரை நான் முதுகில் சுட்டேன். பழைய நானாக இருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இங்கே எழுத முடியாது. அன்றைக்கு எழுதியது இது: "முதுகுல சுட்டதுக்கு மன்னிக்கணும்ங்கண்ணா."



மடப்பள்ளிக்காரர் குண்டு வீசி மூன்று பேரைச் சாய்த்துவிட்டு, "செத்துட்டீங்களா ஐயா? அடுத்த ரவுண்டுல பார்த்து வாங்க" என்று எழுதினார். எங்களில் ஒருத்தரைச் சுட்டு வீழ்த்தியவருக்கு, "ரொம்ப நல்லா சுட்டீங்கண்ணா, கை வலிக்கப் போவுது" என்று போனது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு துளி நக்கல் இல்லை. மரியாதை தவறினால் முருகன் கண்ணைக் குத்திவிடுவார் என்கிற பயத்தில் நடுங்கிக்கொண்டே அடித்த வரிகள். எதிர் டீமுக்கு வெறி பிடித்துவிட்டது.

"டேய் மொட்டை, கலாய்க்கறியா?"

"இல்லீங்கண்ணா. நெசமாத்தாங்க."

"அண்ணாவா? யாருடா அண்ணன் உனக்கு?"

"தப்புங்க. ஐயான்னு சொல்றேங்க."

அவ்வளவுதான். நாங்கள் திட்டிய நாட்களில் வராத புகாரெல்லாம் மரியாதை கொடுத்த நாட்களில் வந்தது. இந்த மாதிரி ஒரு கலாய்ப்பை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்று ஒருத்தர் அழாத குறையாக எழுதியிருந்தாராம். சர்வர்காரர் எங்களுக்கு நிரந்தரத் தடை போட்டார். வாயால் கெட்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பணிவால் கெட்டவர்கள் நாங்கள்தான்.

கடை மறுபடி காலியாயிற்று. ஜெராக்ஸ் மிஷின் விலை விசாரிக்க பாவா திருவள்ளூர் போய் வந்தார். "நைனா எப்ப வர்றன்னு கேட்டுகினு இருக்காரு" என்று அக்கா சொன்னாள். நான் சர்வர்காரருக்கு மெயில் அடித்தேன். கற்பூரம், கொடிமரம், பாவா போட்ட 'இன்னொண்ணு' எல்லாவற்றையும் விளக்கினேன். பதில் ஒரு வரிதான்: "கதை நல்லா இருக்கு." எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் "நம்பிக்கை இல்லன்னா நேர்ல வந்து பாருங்கண்ணா" என்றுதான் எழுத முடிந்தது.

வந்துவிட்டார்! திருப்பதி போகிற வழியில், காரை நிறுத்திக்கொண்டு. பாவாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. டீயும் வடையும் வாங்கி வைத்தார். பசங்கள் எல்லோரும் பிள்ளையார் கோயில் வரிசை மாதிரி கைகட்டி நின்றார்கள். ஆள் எங்களைவிட நான்கைந்து வயதுதான் பெரியவர். குளிர்கண்ணாடியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"கேப்டன் யாரு? அந்த வாயாடி?"

"நான்தாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் பின்னலைப் பார்த்தார், பசங்களைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு.

"ஒரு பொண்ணா? இவ்ளோ நாளா ஒரு பொண்ணுகிட்டயா நாங்க... டேய், உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல? இது பின்னாடி சுத்தினு கீறீங்க?"

'இது'வாம். என் தொண்டை வரை வந்தது, பல்லைக் கடித்தேன். மடப்பள்ளிக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அவரவர் உள்ளங்கையை அவரவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி, கற்பூரக் கதைய நம்பறேன்" என்றார் வந்தவர், வடையைப் பிய்த்துக்கொண்டே. "தடைய எடுத்துடறேன், இப்பவே. ஒரே ஒரு கண்டிஷன். இந்தம்மா கேமுல உட்காரக் கூடாது. கல்லாவுல உட்காரட்டும், இல்ல வீட்டுக்குப் போய் சமைக்கக் கத்துக்கட்டும். என்ன சார் சொல்றீங்க?"

கேள்வி பாவாவுக்கு.  நியாயமாகப் பார்த்தால் பாவா தலையாட்ட வேண்டும். கடை பிழைக்கும், பசங்கள் வருவார்கள், கேபின் நிறையும். நான் ஒருத்தி விளையாடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்? சரி என்று நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

பாவா எழுந்தார். வந்தவரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"நீங்கல்லாம் சத்தியம் பண்ணவங்க. காதைப் பொத்திக்கோங்க."

பொத்தினோம். பொத்திய காதுக்குள்ளும் கேட்டது. "ஏரா வெதவா" என்று தெலுங்கில் ஆரம்பித்தார். தமிழுக்கு வந்தார், மறுபடி தெலுங்குக்குப் போனார், ரெண்டையும் கலந்தார். எங்கிருந்துதான் அவ்வளவும் வந்ததோ! மூச்சு விட நிறுத்திய இடத்தில் மட்டும் ஒன்று தெளிவாகக் கேட்டது: "எங்க வீட்டுப் பொண்ண இதுன்னா சொல்ற? உன் தடைய நீயே வச்சிகினு போடா. அவ கேபின்ல உட்காருவா, கல்லாவுல உட்காருவா, எங்க தோணுதோ அங்க உட்காருவா." வந்தவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே காருக்கு ஓடினார். மடப்பள்ளிக்காரர் துண்டை அவிழ்த்துவிட்டு, "பாவா, இதுல பாதி நாங்க கேள்விப்பட்டதே இல்லீங்க" என்றார் பக்தியோடு.  வாயடைத்துப் போன நாள் என்று சொன்னேனே, அது இந்த நாள்தான்.

தடை போகவே இல்லை. பசங்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, வயசு அப்படி. நான் பெட்டியை இழுத்துத் துணியை மடிக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு நாள் மத்தியானம் கடையில் இருக்கும்போது நைனாவிடமிருந்து போன் வந்தது. எடுத்தது பாவா.

"அனுப்பறதா? இன்னா மாமா நீங்க!" என்றார். "இங்க கூட்டம் தாங்கல. அவ இல்லன்னா ஒரு நாள் கடை ஓடாது. அடுத்த வருஷம் பார்க்கலாம், வச்சிடட்டுமா? ஆள் வந்துகினே இருக்காங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். கேபின் திரைச்சீலை எல்லாம் ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே ஒரு ஆள்கூட இல்லை.