சொந்த ஊர் என்ற இடத்தில் நான் எழுதியது

“…அதுக்கு நீங்க என்னண்ணே செய்வீங்க? அம்புட்டுப் பேரும் கையை விரிச்ச எடத்துல நீங்க ஒருத்தருதான் முகங்கொடுத்துப் பேசினீங்க. ஜட்ஜுக்கு மனசு எறங்கலைன்னா அது எங்க தலையெழுத்து” என்று எனக்கே ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். நான் தலை நிமிரவில்லை. கேஸ் கட்டின் நாடாவை அவிழ்ப்பதும் முடிவதுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஜப்பான்காரனோடு நடந்த சண்டை முடிந்த மறுவருஷம் அது. மதுரையில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். இங்கிலீஷெல்லாம் பழைய கட்டுகளைப் பிரித்துப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு, இப்போது ஒப்புக்கொள்வதற்கென்ன.

அவள் புருஷன் கீழ மாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் பல் கட்டிக்கொண்டிருந்த சீனாக்காரர். அவளுக்கு அவனியாபுரம். அப்பன் ரங்கூனில் வேலை பார்த்தபோது கூடப் போனவள், அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டாள். ரங்கூனில் குண்டு விழுந்ததும் இரண்டு பேரும் கட்டின துணியோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். ஊர் அவரைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. “பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. போன சொல்லைத் திருப்பிக் குடுக்குறவரு நம்ம சீனாக்காரரு” என்று கிழவர்கள் புதுப் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள்.

அந்த மனிதரைத்தான், வெளிதேசத்தாரை வெளியேற்றுகிற அந்நியர் சட்டத்தில் பிடித்து ஜெயிலில் வைத்தார்கள். கப்பல் தயாரானதும் சீனாவுக்கு அனுப்புவதாக உத்தரவு. ஊரில் எந்த வக்கீலும் தொட மாட்டேனென்றபோது எங்கள் வக்கீல் ஐயாதான், “மெட்ராஸ் ஹைகோர்ட்டுல ஹேபியஸ் கார்பஸ் போட்டுப் பார்ப்போம்” என்றார். குமாஸ்தாக்கள் நாங்கள் அதை ‘ஆளைக் கொண்டா மனு’ என்போம். பிடித்து வைத்த ஆளை எந்தச் சட்டப்படி வைத்திருக்கிறாய், காட்டு. காட்ட முடியாவிட்டால் விடு. அவ்வளவுதான் அதன் சாரம்.

மனுவோடு பெண்டாட்டியின் சத்தியப் பிரமாணப் பத்திரம் போக வேண்டும். ஐயாவுக்கு அன்று ஒரு கொலைக் கேஸ். “ஊர், பேர், வயசு எல்லாம் விசாரிச்சு நீயே எழுதிடுப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

“அவருக்குச் சொந்த ஊர் எதும்மா?”

“அவுக ஐயா சீனாவுலருந்து வந்தவுக. இவுக பொறந்தது வளந்தது அம்புட்டும் ரங்கூன்தாண்ணே. சீனாவை இவுக கண்ணால பாத்ததில்ல.”

எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! ஆனால் நம் பக்கத்து வழக்கம் என்ன? நான் பிறந்தது மதுரைச் சந்து ஒன்றில்தான். யாராவது ஊர் எது என்று கேட்டால் திருவாதவூர் என்றுதான் சொல்வேன். அங்கே எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது. பாட்டன் பிறந்த மண், குலசாமி இருக்கிற இடம், வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பொங்கல் வைப்பதோடு சரி. அப்பன் ஊர்தானே ஒருத்தனுக்கு ஊர்? பிள்ளை எங்கே பிறந்தால் என்ன? அந்தக் கணக்கில் ‘இவர் சீன தேசத்தவர், சில காலம் ரங்கூனில் இருந்தவர்’ என்று அழகான இங்கிலீஷில் எழுதினேன். ஐயா அலுத்து வந்து, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். ரங்கூன் அவர் பிறந்தபோது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த ஊர். அங்கே பிறந்தவர் நம்மைப் போலவே இங்கிலாந்து ராஜாவின் பிரஜை. அந்நியரே அல்ல. அந்தச் சட்டம் அவரைத் தொடவே முடியாது. சர்க்கார் வக்கீல் வேறெதுவும் பேசவில்லையாம். “இவர் சீன தேசத்தவர் என்று இவருடைய சம்சாரமே சத்தியம் செய்திருக்கிறாரே” என்று என் வரியை மட்டும் படித்துக் காட்டினாராம். கால் மணி நேரத்தில் மனு தள்ளுபடி.

மெட்ராஸிலிருந்து கடுதாசி வந்த அன்று ஐயா என்னைக் கூப்பிட்டார். “இந்த வரி எங்கேருந்து வந்துச்சு? நீயா எழுதினியா, அந்தப் பொண்ணு சொல்லுச்சா? நீ தப்பா எழுதியிருந்தா, தப்பு என்னோடதுன்னு நீ ஒரு பிரமாணம் குடு. கப்பலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, மறுபடி போய் முட்டிப் பார்க்கலாம். அவளே சொல்லியிருந்தா ஒண்ணும் நடக்காது. சத்தியம் பண்ணினவ மாத்திப் பேசினா எந்தக் கோர்ட்டு நம்பும்?”

கோர்ட்டில் என் பெயர் கெட்டுப்போகும், வேலை போகும், குமாஸ்தாக்கள் டீக்கடையில், “என்ன மாப்ள, சீனா எங்கிட்டு இருக்கு?” என்று கேட்பார்கள். இந்த மூன்றும் ஒரு கணத்தில் என் முன்னால் வந்து நின்றன. ஜெயிலில் இருக்கிற மனிதர் வரவில்லை.

“அது சொன்னதைத்தாங்கய்யா எழுதினேன்” என்றேன்.

“பாவம், விவரம் தெரியாத பொண்ணு” என்று ஐயா கட்டை மூடிவிட்டார்.

அதற்கு மறுநாள்தான் அவள் வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், “இன்னொரு ஒத்தாசை செய்யணும்ண்ணே” என்றாள். “அவுக போற கப்பல்லயே என்னையும் ஏத்தி அனுப்பச் சொல்லி கலெக்டருக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. தெரியாத சீமை. ரெண்டு பேராப் போனா ஒருத்தருக்கொருத்தர் தொணை.”

“அவனியாபுரத்துல உன் ஆளுக இருக்காகளேம்மா.”

“இருக்காக. அவுகளுக்கு அங்க யாருண்ணே இருக்கா?”

இந்தத் தடவை தமிழில் எழுதினேன். ரங்கூனில் பிறந்தவர் என்று அதில் முதல் வரியிலேயே எழுதினேன். அந்தக் காகிதத்தில் அதற்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. எழுதி முடித்து அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

“ஒரு தரம் படிச்சுப் பாத்துக்கம்மா” என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, குனிந்து மை காய ஊதிக்கொண்டிருந்தாள்.