சிறுபோகத் துண்டு

தொண்ணூற்று நான்காம் ஆண்டு கோடையில் நெடுங்கேணிப் பக்கத்துக் குளமொன்று அரைவாசிக்கும் கீழே வற்றிவிட்டது. அப்படியான வருடங்களில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது. மதகுக்குக் கிட்டவுள்ள காணியைப் பங்கு பிரித்து, கோடைப் பயிரான சிறுபோகத்தை யார் செய்வது என்று குலுக்கல் போடுவார்கள். ஓலைப்பெட்டிக்குள் மடித்த கடதாசித் துண்டுகள் கிடக்கும். சிலவற்றில் ‘வயல்’ என்றிருக்கும், மற்றவை வெறுமை.

சிவலட்சுமிக்கு மூன்று வருடமாக வெறுந்துண்டுதான். மாரி வெள்ளம் பயிரை அள்ளிக்கொண்டு போனபின் அவளிடம் மிஞ்சியது ஒரு சாக்கு விதைநெல். இந்தக் கோடையில் விதைக்காவிட்டால் அதுவும் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். பிறகு மற்றவர் வயலில் களை பிடுங்கித்தான் சீவியம்.

“மூண்டு முறை விழேல்லை. இந்தமுறை விழத்தானே வேணும்,” என்றாள், குசினி அடுப்படியில் இருந்தபடி.

தங்கையின் மகள் கஜனி உயர்தரத்தில் கணிதம் படிப்பவள். “அப்பிடியில்லை, பெரியம்மா. ஒவ்வொரு வருசமும் எல்லாத் துண்டையும் புதுசாப் போடுகினம். போன வருசம் உங்களுக்கு வராதது பெட்டிக்குத் தெரியாது. இது சாரா நிகழ்ச்சி.”

“அப்ப, நான் கடைசியா எடுக்கிறதாலதான் வாறேல்லை.”

“அது சார்ந்த நிகழ்ச்சி. ஒராள் எடுத்த துண்டு திரும்பப் பெட்டிக்குள்ள போகாது. அதால அடுத்த ஆளின்ர வாய்ப்பு மாறும். ஆனா ஒருத்தரும் எடுக்க முதல் பாத்தால், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே வாய்ப்புத்தான்.”

சிவலட்சுமி அகப்பையை வைத்தாள். “மாறும் எண்டுறாய், ஒண்டு எண்டுறாய். உனக்கு விளங்கித்தான் சொல்லுறியோ?”

கஜனி சில புளியங்கொட்டைகளுக்குச் சுண்ணாம்பு பூசி, மற்றக் கொட்டைகளோடு பானைக்குள் போட்டு எடுத்துக் காட்டினாள். கடைசிக் கைக்கு வெள்ளைக் கொட்டை வந்தது, வராமலும் போனது. சிவலட்சுமிக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். முதலும் கடைசியும் ஒன்றென்றால் தன்னை ஏன் பிடித்துக் கடைசியில் நிறுத்துகிறார்கள்?

காரணம் ஊருக்கே தெரியும். விதவை முதலில் கைவைத்தால் போகம் பொய்க்குமாம். எறிகணை புருசனைக் கொன்றது. தண்டனை இவளுடைய கைக்கு. அதே கை களை பிடுங்கினாலும் அரிவு வெட்டினாலும் யாருடைய போகமும் பொய்ப்பதில்லை.

குலுக்கல் கூட்டத்தில் சிவலட்சுமி எழுந்து நின்றாள். “பரமலிங்கம் அண்ணை, நான் முதல் எடுக்கிறன்.”

கமக்காரர் சங்கத் தலைவர் பரமலிங்கம் பெட்டியை மடிக்கு இழுத்தார். “முறை எண்டு ஒண்டிருக்கு, தங்கச்சி.”

“முதலும் கடைசியும் ஒண்டுதான் எண்டு பெறாமகள் சொல்லுறாள்.”

“ஒண்டெண்டால் கடைசியிலயே எடுவன்!” என்றார் வீரையா. இரண்டு வருடமாக அவருக்குத்தான் வயல். எல்லாரும் சிரித்தார்கள்.

சிவலட்சுமி வரிசையின் கடைசிக்குப் போனாள். சொன்ன நியாயமே தன்னை மடக்கிவிட்டதா?

ஒவ்வொருவராக எடுத்து, எடுத்த கையோடு விரித்தார்கள். வீரையாவுக்கு இந்த முறையும் வயல். சிவலட்சுமியின் முறை வரமுன்னரே வயல் துண்டுகள் முடிந்துபோயின.

“முறைக்கு எடு,” என்று பரமலிங்கம் பெட்டியை நீட்டினார்.

“இப்பவும் ஒரே வாய்ப்போ, பிள்ளை?” என்று பக்கத்தில் நின்ற கஜனியைக் கேட்டாள்.

“இல்லை, பெரியம்மா. இப்ப பூச்சியம்.”

அவள் கைவைக்கவில்லை. “பெட்டிக்குத்தான் போன வருசம் தெரியாது. உங்களுக்குமோ தெரியாது? வீரையா அண்ணை விதைக்கிறார், நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். போனமுறை கிடைச்சவை இந்தமுறை விலகி நிண்டால் என்ன?”

“விழுந்தது விழுந்ததுதான்!” என்று துள்ளினார் வீரையா. ஆனால் வெறுந்துண்டோடு நின்றவர்களே அதிகம். அவர்களின் கைகள் உயர்ந்தன. பரமலிங்கம் முணுமுணுத்தபடி போன வருடம் வயல் கிடைத்தவர்களை விலக்கிவிட்டு, எடுத்த துண்டுகளைத் திரும்ப வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்கினார்.

“சரி, நீயே முதல் எடு. பிறகு குறை சொல்லாதை.”

எடுத்தாள். வெறுமை.

அழுவதா என்று தெரியவில்லை. இந்த முறை யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் வயல் இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

இதுவரை ஒருமுறையும் கிடைக்காத நேசமலருக்கு வயல் விழுந்தது. அவளும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். “கிடைச்சு என்ன, அக்கா? என்னட்ட ஒரு மணி விதைநெல் இல்லை.”

“என்னட்ட ஒரு சாக்குக் கிடக்கு. ரெண்டு பேருமா விதைப்பம். விளையிறதில பாதிக்குப் பாதி.”

“ஓம், அக்கா.”

வீட்டுக்கு வரும்போது சிவலட்சுமி கேட்டாள்: “இப்பிடி நடக்கிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, பிள்ளை?”

கஜனி கொஞ்சத் தூரம் யோசித்தபடி நடந்தாள். “தெரியாது, பெரியம்மா.”

“அப்பாடா,” என்றாள் சிவலட்சுமி. “வா, நெல்லை ஊறப்போடுவம்.”