கை நீளமோ, கட்டையோ?

உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடிதான் எமில்டா அக்கா அளவெடுப்பார். நீலச் சேலைக்கு மஞ்சள் சட்டை கேட்டாலும் தலையாட்டுவார். "உடுத்தப்போறது அவா. நானேன் முகத்தைச் சுழிக்கிறது?" என்பார் பிறகு.

புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கிட்ட அவருடைய தையல்கடை. கரையோர மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். அலையை மீறிக் கூப்பிட்டுப் பழகிய குரல். வானொலியில் பாட்டு ஓடினால்தான் மெசினும் ஓடும். செய்தி தொடங்கினால் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். பின்னேரங்களில் பக்கத்துப் பலசரக்குக் கடை இராசேஸ்வரி தேத்தண்ணியோடு வருவார். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதிகள்.

சென்ற மாதம் நான் தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கப் போயிருந்தேன். கணவனை இழந்து நெடுங்காலம் தனியே இருந்த இராசேஸ்வரி, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"எடி, நான் கலியாணம் செய்யப்போறன். முரசுமோட்டையிலை வயல் செய்யிற யோகநாதனை."

எமில்டா அக்கா அளவு நாடாவை எடுத்தார்.

"சட்டைக்குக் கை நீளமோ, கட்டையோ?"

இராசேஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஐம்பது கடந்தவளுக்குக் கலியாணமா என்று ஊர் கதைத்தது. இராசேஸ்வரியின் தமையன் தங்கை வீட்டுப்பக்கம் வருவதையே நிறுத்தினார். "சிநேகிதியெண்டு நீங்களாவது புத்தி சொல்லக்கூடாதோ?" என்று ஒருத்தி கடைக்கே வந்து கேட்டாள்.

"அவள் என்னட்டைச் சட்டைதான் கேட்டவள். புத்தி கேக்கேல்லை."

சட்டையைப் போட்டுப் பார்த்த அன்று இராசேஸ்வரியே தாங்காமல் கேட்டார்.

"நீ ஒண்டும் சொல்லேல்லையே?"

"நீ கேக்கேல்லையே."

"இப்ப கேக்கிறன்."

எமில்டா அக்கா ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். "நீ முரசுமோட்டைக்குப் போனா, பின்னேரத்திலை தேத்தண்ணி குடிக்க எனக்கு ஆளில்லாமப் போகும். அது என்ரை கவலை. உன்ரை கலியாணத்திலை எனக்கொரு குறையும் தெரியேல்லை. கையைத் தூக்கு, கக்கம் இறுக்குதோ பாப்பம்."

கலியாணத்தன்று மணப்பெண்ணைக் கோயிலுக்குக் கொண்டுபோனது எமில்டா அக்காவின் ஸ்கூட்டிதான். ஊர்க்கண் படாமல் பின்பக்கக் குறுகிய ஒழுங்கையால் போகலாமென்று வண்டியைத் திருப்பியிருந்தார். பின்னாலிருந்த இராசேஸ்வரி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஒழுங்கையாலை வேண்டாமடி. சந்தையடியாலை போவம்."

எமில்டா அக்கா ஏனென்று கேட்கவில்லை. வண்டியைச் சந்தைப் பக்கம் வளைத்து, அந்தத் தெரு முடியும்வரை ஹோர்னிலிருந்து விரலை எடுக்காமலே ஓட்டினார்.