மூன்று முறைக்கு மேல்

இது நிஜமாக நடந்தது. தனபால் என்னிடம் சொன்னபோது நானும் அவனைக் கேலிதான் செய்தேன். அவன் லேப்டாப்பைத் திறந்து, அன்றிரவு பதிவான வரிகளைக் காட்டினான். அதன்பிறகு நான் கேலி செய்யவில்லை.

தனபால் செல்போன் கம்பெனியில் இன்ஜினியர். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் சென்னையை விட்டுவிட்டு, ஐப்பசியில் கொல்லிமலையில் அரியூர் நாடு என்ற ஊரில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். வீட்டுக்காரன் காளியண்ணன் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். தனபாலின் மனைவி பானுமதி பிரசவத்துக்காக அடிவாரத்தில், சேந்தமங்கலத்து அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மார்கழியில் ஆறு மணிக்கே பனி இறங்கிவிடும். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் கிடையாது. ராத்திரியில் தன் குரலே மறந்துபோகுமோ என்றிருக்கும் அவனுக்கு. பானுமதிக்கு நாள் நெருங்கிவிட்டது. எந்நேரம் கூப்பிட்டாலும் எடுப்பதாகச் சத்தியம் செய்திருந்தான்.

அவன் வேலை இதுதான். நாம் போன் போட்டதும், இவர் கணக்கில் காசு இருக்கிறதா என்று நெட்வொர்க் பில்லிங் சர்வரைக் கேட்கும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் மறுபடி கேட்கும். எத்தனை முறை கேட்பது, அப்புறம் அழைப்பை வெட்டுவதா, விடுவதா என்று ஒருவன் எழுதிவைக்க வேண்டும். மலைக்கும் அடிவாரத்துக்கும் அதை எழுதியவன் தனபால். மூன்று முறை. பிறகு வெட்டு. ஆடி மாதம், சென்னையில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் சர்வரை நிறுத்தி எழுதி முடித்தான்.

மார்கழியில் ஒரு ராத்திரி அதற்கு மறுசோதனை. ஊர் தூங்கினால்தான் செய்ய முடியும். 1:40க்கு சர்வரை நிறுத்தினான்.

1:43. ஓர் அழைப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. வெட்டுப்பட்டது. சரிதான் என்று டீ டம்ளரை எடுத்தான்.

நான்கு.

நான்கு என்று ஒன்று வரவே முடியாது... ஐந்து. பத்து வினாடிக்கு ஒரு முறை. எந்த டவர் என்று பார்த்தான். அவன் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் டவர்.

டிக்.

உள்ளறையில் யாரோ பட்டன் போனை அமுக்கும் சத்தம். அங்கே காளியண்ணன் போட்டுவைத்த தட்டுமுட்டுச் சாமான்கள் மட்டும்தான் இருந்தன.

ஆறு. டிக்.

ஏழு. டிக்... கதவுக்கு இந்தப் பக்கம்.

துணைக்கு யாரைக் கூப்பிடுவது? கூப்பிட்டாலும் மூன்றாவது முறையில் வெட்டுப்படும். பானுமதி கூப்பிட்டாலும் அதேதான். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

பதினொன்று. டிக்... நாற்காலிக்குப் பின்னால்.

அவன் திரும்பவில்லை. 'வெட்டு' என்பதை 'விடு' என்று மாற்றினான்.

பன்னிரண்டு. இணைந்தது.

சத்தம் நின்றது.

2:10. வாசலில் ஹாரன். ஜீப் ஓட்டும் செல்லமுத்து. மலையில் ஆபத்து அவசரம் என்றால் ஆம்புலன்சுக்கு முன்னால் இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"ஏனுங்க, பாப்பாயி ஊட்டுக்கு வண்டி வேணும்னு ஒரு பொம்பளக் குரல் கூப்புட்டுது. உங்க ஊட்டம்மாதானுங்களே?"

"இங்க நான் மட்டும்தாண்ணா. பாப்பாயி யாருங்க?"

செல்லமுத்து வீட்டை ஒரு முறை பார்த்தார். தனபால் கதவைக்கூடப் பூட்டாமல் ஜீப்பில் ஏறி, சேந்தமங்கலம் போகச் சொன்னான்.

2:51. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் போன் அடித்தது. பானுமதிக்கு வலி கண்டுவிட்டது. வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னான். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, சர்வரை அவன் திரும்ப ஓடவிடவே இல்லை. மூன்று முறையில் வெட்டும் பழைய கணக்கு இருந்திருந்தால் அந்த அழைப்பு வந்திருக்காது.

விடிகாலை 5:20க்குப் பெண் குழந்தை. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் செல்லமுத்து தானாகவே பேச்செடுத்தார். பாப்பாயி காளியண்ணனின் மனைவி. ஆடி இருபதாம் தேதி ராத்திரி தனியாக இருந்தபோது நெஞ்சுவலி வந்திருக்கிறது.

"எனக்கு மணியே அடிக்கலீங்க சாமி. விடிஞ்சு பாத்தா, உள்ளறையில கெடக்கறா. அவ போனுல என் நம்பரு பதினோரு வாட்டி இருந்துச்சு."

அந்தப் போன் இப்போது எங்கே என்று தனபால் கேட்டான்.

"வெரலப் பிரிக்க முடியலீங்க. கையோடவே பொதைச்சுட்டோம்."

ஆடி இருபது. தனபால் சர்வரை நிறுத்திய ராத்திரி அது. மூன்று என்று எழுதியது யாரென்று செல்லமுத்துவிடம் அவன் இன்றுவரை சொல்லவில்லை.