சகாயராஜ் முத்திரை குத்திய பத்தாவது இயந்திரம்

திண்டுக்கல்லில் தொழிற்சாலை இல்லாத தொழிலதிபர் ஒருவர் உண்டென்றால் அது சகாயராஜ்தான். நத்தம் ரோட்டில் அவருடைய ஷெட் மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. உள்ளே ஒரு பிரியாணி மாஸ்டர் விறகு அடுக்கி வைத்திருக்கிறார். ஆனாலும் லெட்டர்பேடு இருக்கிறது, வட்ட முத்திரை இருக்கிறது, முத்திரைக்கு ஊதா மை இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும், சொல்லுங்கள்?

மார்ச் மாதம் பிறந்தால் மெக்கானிக்கல் கடைசி வருடப் பிள்ளைகள் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். ஒரு கம்பெனி தன் பிரச்சினையைச் சொன்னதாகவும், தாங்கள் அதைத் தீர்த்துக் கொடுத்ததாகவும் அவர்களுக்குக் கடிதம் வேண்டும். ஓடுகிற கம்பெனிகளில் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டான். சகாயராஜோ டீ கொடுத்து, இரண்டு கேள்வி கேட்டு, முத்திரையை ஓங்கிக் குத்துவார். அந்த வகையில் புளியங்கொட்டை எடுப்பது, மாங்காய் தரம் பிரிப்பது, மிளகாய் காயவைப்பது என்று ஒன்பது இயந்திரங்கள் அவருடைய தொழிற்சாலையில் இன்றுவரை வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் காகிதத்தில்தான். பைசா வாங்கமாட்டார் மனுஷன். 'எம்.டி. சார்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும்.

"வருசத்துல ஒரு மாசம் எம்.டி., மிச்ச மாசமெல்லாம் ரேசன் கடை வரிசை" என்பாள் மனைவி செபாஸ்தியம்மாள். ஆனால் டீயில் சர்க்கரையைக் குறைத்ததில்லை.

இந்த வருடம் வந்தது ஜீவிதாவும் முகேஷ்குமாரும். ஜீவிதா நெய்க்காரப்பட்டிக்காரி. உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"லெட்டர் மட்டும் பத்தாதுங்க சார். இந்த வருசம் ரூல்ஸ் மாத்திட்டாங்க. நாங்க மூணு தடவை வந்து, மெஷினோட போட்டோ எடுத்து, நெசமாவே சரிபண்ணணும். உங்க கம்பெனிப் பிரச்சினை என்னங்க சார்?"

சகாயராஜ் ஆடிப்போனார். கம்பெனி இல்லை என்பதுதான் கம்பெனியின் பிரச்சினை. அதை எப்படிச் சொல்வது?  பிறகு எழுந்து, "வாங்க, காட்டுறேன்" என்று ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். விறகுக்குப் பின்னால் தார்ப்பாயை விலக்கினார். அவர் கடைசியாகச் செய்த நிலக்கடலை உடைக்கும் இயந்திரம் அங்கே நின்றது. அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நாப்பது மெஷின் வித்தேன். நாப்பதும் திரும்பி வந்துருச்சு. தொலி உரியும், ஆனா பருப்பு ரெண்டா மூணா ஒடைஞ்சு விழும். ஒடைஞ்ச பருப்பை எந்த யாவாரி வாங்குவான்? எல்லாம் சல்லடை பண்ண கோளாறு. கண்ணு கண்ணா ஓட்டை போட்டுக் குடுத்தவன் கிதர் முகம்மது. ஐ.டி.ஐ.ல ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. அவன்தான் அளவை மாத்திப் போட்டு என் குடியைக் கெடுத்தான்."

இந்தக் கதையைச் சகாயராஜ் சொல்லாத இடமில்லை. சலூனில் சொல்லியிருக்கிறார், கோயில் வாசலில் சொல்லியிருக்கிறார், சம்பந்தமே இல்லாமல் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்லியிருக்கிறார். தொழில் போனது, நிலம் போனது. கூட்டாளியால் மோசம்போன நல்ல மனிதர் என்ற பெயர் ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருந்த சொத்து.

பிள்ளைகள் கோழியைக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினார்கள். ஜீவிதா சல்லடையைக் கழற்றி ஒவ்வொரு கண்ணாக அளந்தாள். சகாயராஜின் பழைய வரைபடத்தில் என்ன இருந்ததோ அதே அளவு, மயிரிழை பிசகில்லை. "இதுல ஒரு தப்பும் இல்லைங்க சார்" என்றாள். சகாயராஜ் நம்பவில்லை, அவளுடைய அளவுகோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த முறை வந்தபோது சுற்றை எண்ணும் கருவியொன்றைக் காலேஜிலிருந்து கொண்டுவந்தார்கள். மோட்டாரை ஓடவிட்டதும் ஜீவிதா காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏனுங்க சார், டிரம் இந்தப் போடு போடுது! ஓட வேண்டிய வேகத்துல ஒண்ணரை மடங்குங்க. கடலை தொலி உரியறதுக்கு முந்தியே அடிபட்டுச் சாவுதுங்க. மோட்டார்ல பெல்ட் மாட்டுற புல்லி நாலு இஞ்ச் இருக்கோணும், ஆறு இஞ்ச் மாட்டியிருக்குது."

முகேஷ்குமார் பழைய இரும்புக் கடையில் ஒரு நாலு அங்குலப் புல்லி தேடி வாங்கி வந்தான். மாட்டி, அதற்குத் தக்க பெல்ட்டையும் போட்டு, ஒரு மரக்கால் கடலையைக் கொட்டினார்கள். இயந்திரம் சாதுவாக ஓடியது. கீழே பருப்பு விழுந்தது. முழுசு முழுசாக, சிவக்கச் சிவக்க! பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். செபாஸ்தியம்மாள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

 அந்த ஆறு அங்குலப் புல்லியை மாட்டியது சகாயராஜேதான். விவசாயக் கண்காட்சியில் எவனோ ஒருவன், "என்னப்பா, மெஷின் இம்புட்டு மெதுவா ஓடுது? சத்தமே காணோமே" என்று சொல்லிவிட்டுப் போனான். ரோஷம் வந்து மறுநாளே விற்கத் தயாராக இருந்த நாற்பது இயந்திரத்திலும் புல்லியை மாற்றியவர் இவர். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரிப்போர்ட்ல எழுதணுங்க சார். இந்தப் புல்லியை யாருங்க மாட்டுனது?" என்று கேட்டாள் ஜீவிதா.

வாய் முந்திக்கொண்டது. "கிதர்தான்" என்றார், பாவி மனுஷன்.

செபாஸ்தியம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள். அன்றைக்கு அவர் ரசத்துக்கு உப்புக் கேட்டபோது உப்பு ஜாடியைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

பத்து நாள் கழித்து இரண்டு பேரும் கெட்டி அட்டை போட்ட ரிப்போர்ட்டோடு கையெழுத்துக்கு வந்தார்கள். நீல அட்டை, தங்க எழுத்து, ஐந்து பிரதி. மறுநாள் வைவா. சகாயராஜ் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கோடு போட்ட தாளொன்று ஒட்டியிருந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் ரிப்போர்ட்டைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

'மேற்படி இயந்திரத்தில் புல்லி மாற்றியது என் தவறே. மாணவர்கள் கண்டுபிடித்தது சரி. இப்படிக்கு, கி. முகம்மது, லேத் பட்டறை, பேகம்பூர்.'

"தப்பு பண்ணவர் கிட்டயும் விளக்கம் வாங்கிட்டு வாங்கன்னு ஹெச்.ஓ.டி. சொன்னாருங்க. போய்க் கேட்டோம். செத்த நேரம் எங்களையே பார்த்தாருங்க. அப்புறம் ஆமா, நான்தான்னு எழுதிக் குடுத்துட்டாருங்க. தங்கமான மனுசருங்க சார், சமோசா எல்லாம் வாங்கிக் குடுத்தாரு" என்றாள் ஜீவிதா.

சகாயராஜ் பேனாவை மேசையில் வைத்தார். "இது தப்பும்மா. மாட்டுனது நானு. மாத்தி எழுதிட்டு வாங்க."

முகேஷ்குமாருக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், பைண்டிங் ஆயிருச்சு சார்! அஞ்சு காப்பி சார்! நாளைக்குக் காலையில வைவா. யார் மாட்டுனா என்ன சார், மார்க்கு ஒண்ணுதான?"

சகாயராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் டீத் தம்ளர்களைக் கீழே வைத்தாள்.

"குத்துங்க. ஒம்பது பொய்க்குக் குத்துன கைதான? புள்ளைகளைப் படுத்தாதீங்க."

ஐந்து பிரதியிலும் குத்தினார். ஒன்றிலும் மை சரியாகப் பதியவில்லை. பிள்ளைகள் போனதும் சட்டையை மாட்டிக்கொண்டு பேகம்பூருக்குப் பஸ் ஏறினார்.

கிதர் முகம்மது லேத்தில் குனிந்திருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார், திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுப் பஞ்சில் கையைத் துடைத்தார்.

"புள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன். கிதரு, புல்லியை மாட்டுனது நான்."

"தெரியும்."

"எப்பருந்து?"

"அப்பவே. திரும்பி வந்த மெஷின் ஒண்ணை நானும் பிரிச்சுப் பாத்தேன்."

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

சகாயராஜ் யோசித்தார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக நேர்மையாக யோசித்தார். "இல்ல" என்றார்.

"அப்பறமென்ன?"

"சரி, செய்யாத தப்பைச் செஞ்சேன்னு இப்ப எதுக்கு எழுதிக் குடுத்த?"

"பரீச்சைன்னு வந்து நிக்கிதுங்க புள்ளைக. எம்பேருக்கு இனிமே என்ன ஆகப்போகுது? அதைத்தான் ஊர் பூரா நீ சொல்லி முடிச்சிட்டியே."

கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். அவர் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, லேத்தில் மாட்டியிருந்த கம்பியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"தொழில் பேச்சு கெடக்கட்டும், சகாயம். எம்பொண்ணு சபிஹா நிக்காஹ்வுக்கு நானே வீட்டுக்கு வந்து உன் கையில பத்திரிகை குடுத்தேன். நீ தூக்கி வளத்த புள்ள. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் சாப்பிட்டு முடிச்சும், சகாயம் மாமா வரட்டும்னு அது சாப்பிடாம உக்காந்திருந்துச்சு. வந்திருக்கலாம்லடா."

சகாயராஜ் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க, சின்னப் பிள்ளையாட்டம் அழுதார்.